வலது கைப்பிடி

அந்த நாற்காலியில் வேண்டாம் தம்பி, இதில் உட்காருங்கள். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வீட்டுக்கு வந்தவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுத் தான் மட்டும் தோல் நாற்காலியில் சாய்ந்துகொள்கிற மனிதன் இல்லை நான். அதில் ஒரு விஷயம் இருக்கிறது. நீங்கள் வந்ததே அந்த விஷயமாகத்தான். மதுராந்தகத்தில் நாய்களை வைத்துப் பார்த்துக்கொள்கிற உங்கள் தோப்பிலிருந்து வண்டி எடுத்துக்கொண்டு, கூண்டு வைத்துக்கொண்டு, இந்த வெயிலில் குரோம்பேட்டை வரைக்கும் வந்திருக்கிறீர்கள். ஒரு நாயை எதற்காக வீட்டைவிட்டு அனுப்புகிறார்கள் என்று தெரியாமல் அழைத்துக்கொண்டு போகக் கூடாது. நாளைக்கு யாராவது கேட்டால் சொல்லத் தெரிய வேண்டும் இல்லையா? ஆகவே முழுக்கக் கேளுங்கள். குணவதி, தம்பிக்குக் காபி போடு. சர்க்கரை போடலாமா? போடு.

அதோ, பால்கனிக் கதவுக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறதே, அதுதான். எழுந்திருக்காது. யார் வந்தாலும் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொள்ளும். காவலுக்கு என்று பார்த்தால் அதைவிடக் கதவுத் தாழ்ப்பாள் தேவலாம். பெயரா? பெயரெல்லாம் நான் சொல்வதில்லை. மருமகள் வைத்த பெயர். பீச்சில் பொட்டலம் கட்டி வாங்கித் தின்கிற பதார்த்தத்தின் பெயரை ஒரு நாய்க்கு வைத்தால் மனிதன் எப்படிக் கூப்பிடுவது? சரி, சுண்டல். ஒரு முறை சொல்லிவிட்டேன், இனிமேல் கேட்காதீர்கள். நான் 'அவர்' என்றுதான் சொல்வேன். 'அவர் சாப்பிட்டாச்சா?' 'அவர் எங்க?' இப்படி. மரியாதை ஒன்றும் இல்லை, குத்தல்தான்.

சீர்வரிசையோடு வந்தவர் தம்பி இவர். பீரோ, கட்டில், வாஷிங் மெஷின், கடைசியில் இவர். என் பையன் பரணி கல்யாணத்துக்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லவில்லை. 'அப்பா, யமுனாகிட்ட ஒரு நாய் இருக்குப்பா' என்று சொன்னான்தான். இருக்கட்டுமே, அவள் அப்பா வீட்டில் இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன். வேனிலிருந்து பெண் இறங்குகிறாள், பின்னாலேயே மாப்பிள்ளைத் தோரணையில் இவர் இறங்குகிறார்.

என் பெயர் தணிகாசலம். கதவில் பார்த்திருப்பீர்கள். இதோ பக்கத்தில் நாகல்கேணியில் தோல் பதனிடுகிற ஒரு டேனரியில் வேலை. மீசை முளைத்த நாளிலிருந்து ரிட்டயர் ஆகிற வரைக்கும் ஒரே இடம். முதலில் டிரம் பக்கம் நின்றேன், அப்புறம் ஃபினிஷிங். தோலுக்குக் கடைசியில் மெருகு போடுகிற வேலை. ரிட்டயர் ஆகிற அன்றைக்கு முதலாளி கூப்பிட்டு, என்ன வேண்டும் கேள் என்றார். எல்லாரும் மோதிரம் கேட்பார்கள், கைக்கடிகாரம் கேட்பார்கள். நான் ஒரு மாட்டுத்தோல் கேட்டேன். கொடுத்தார். அதற்கு நானே நிறம் போட்டு, நானே பூசி, நானே மெருகேற்றி, பல்லாவரத்தில் ஆள் பிடித்து இந்த நாற்காலிக்குப் போர்த்தினேன். கறுப்பு. உங்கள் முகம் தெரியும் அதில். ஒரு காலத்தில் தெரிந்தது.

இப்போது வாருங்கள், கிட்டே வந்து பாருங்கள். இடது கைப்பிடி எப்படி இருக்கிறது? கண்ணாடி. முதுகுப் பக்கம்? கண்ணாடி. இப்போது வலது கைப்பிடி. கையை வையுங்கள். பயப்படாதீர்கள். பிசுபிசு என்று ஒட்டுகிறதா? விரலைப் பாருங்கள், கறுப்பு வருகிறதா? மேல்பூச்சு போய்விட்டது. உரிந்து போகவில்லை தம்பி, தேய்ந்தும் போகவில்லை. நாற்பது விதமாகத் தோல் கெட்டுப்போவதைப் பார்த்தவன் சொல்கிறேன், இது தின்னப்பட்டிருக்கிறது.

தின்னப்படுவது என்றால் என்ன என்று கேட்பீர்கள். கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

நாம் சாப்பிடுகிற பருப்பும் கறியும் வயிற்றில் எப்படிக் கரைகிறது? உள்ளே செரிக்கவைக்கிற சத்து ஒன்று சுரக்கிறது. டேனரியில் என்சைம் என்போம். எங்களுக்கும் அது வேண்டும். சுண்ணாம்பில் ஊறவைத்து முடி எடுத்த தோல் விறைத்துக்கொண்டு நிற்கும், வீம்பு பிடித்த ஆள் மாதிரி. அதை இளக்கினால்தான் பை தைக்கலாம், செருப்பு தைக்கலாம். அதற்குப் பன்றியின் கணையத்தைக் காயவைத்துப் பொடித்த தூள் வரும். டிரம்மில் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அந்தத் தூளைப் போட்டுச் சுற்றவிட்டால், அது தோலில் வேண்டாத பிசினையெல்லாம் தின்றுவிடும். வெளியே எடுத்துக் கட்டைவிரலால் அழுத்துவோம். விரல் பதிந்த குழி அப்படியே நின்றால் பதம். எழும்பி வந்தால் இன்னும் சுற்று. ஒரு தடவை அந்தத் தூள் வர நேரமாகி, எங்கள் கெமிஸ்ட் பப்பாளிப் பாலை வாங்கிவந்து போட்டுப் பார்த்தார். ஆட்டுக்கறி வேகவில்லை என்றால் பப்பாளிக்காய் ஒரு துண்டு போடுகிறார்களே, அதே சமாச்சாரம். என்ன வேகம் என்கிறீர்கள்! மனிதர் டீ குடித்துவிட்டு வருவதற்குள் தோல் கொழகொழத்துவிட்டது. பப்பாளியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள்.

இதற்கெல்லாம் முன்னால், வெள்ளைக்காரன் தூள் கண்டுபிடிக்கிறதற்கு முன்னால், என்ன போட்டார்கள் தெரியுமா? நாய்ப் பீ. மன்னிக்க வேண்டும், காபி குடிக்கிற நேரம். ஆனால் விஞ்ஞானம். நாயின் கழிவில் அந்தச் சத்து இருக்கிறது என்று அப்போதே தெரிந்திருக்கிறது. பின்பக்கம் இருக்கிற சரக்கு முன்பக்கம் எச்சிலில் இல்லாமலா போகும்? அதுதான் நான் பிடித்த முதல் நூல்.

நீங்கள் கேட்கலாம், தோலையே தின்கிறது என்றால் நாற்காலி முழுக்க ஓட்டையாக இருக்க வேண்டுமே என்று. நல்ல கேள்வி. இது குரோம் போட்ட தோல். நம் ஊர்ப் பேரிலேயே குரோம் இருக்கிறது. குரோம் ஏறிவிட்டால் தோலின் நார் ஒவ்வொன்றுக்கும் பூட்டுப் போட்ட மாதிரி, என்சைமுக்குப் பல் இறங்காது. ஆனால் மேலே பூசுகிறோமே, அது? இப்போதெல்லாம் பிளாஸ்டிக் குழம்பைப் பூசிவிடுகிறார்கள். அதை எந்தப் பிராணியும் தின்னாது, அதைத் தோல் என்று சொல்லவும் எனக்கு வாய் வராது. நான் பூசியது கேசின். கேசின் என்றால் பால்தான். பாலைத் திரித்து எடுக்கிற சத்து. அதில் நிறம் கலந்து மெல்லிசாகப் பூசி, காயவைத்து, கண்ணாடி உருளையால் அழுத்தித் தேய்த்தால் வருகிற மினுமினுப்பு வேறு எதிலும் வராது. அதன் மேல் ஃபார்மலின் தெளித்து இறுக்கிவிட்டால் ஓரளவு தாங்கும். என் நாற்காலிக்கு மட்டும் அதைப் பேருக்குத்தான் தெளித்தேன். நாளெல்லாம் உட்காரப்போகிறவன் நான், அந்த நெடி எனக்கு ஆகாது. அப்போது வீட்டில் நாய் வரும் என்று எனக்கு என்ன ஜோசியமா தெரியும்?

ஆக, மேலே இருப்பது பால். பாலைச் செரிக்க என்ன கஷ்டம்? கொஞ்சம் ஈரம், கொஞ்சம் சூடு, கொஞ்சம் அவகாசம், மூன்றும் போதும். மத்தியானம் மேற்கு ஜன்னல் வெயில் நேராக இந்தக் கைப்பிடியில்தான் விழுகிறது. சூடு ஆயிற்று. ஈரம் அவர் வாய். அவகாசமா, அவருக்கு வேறென்ன வேலை?

நான் மத்தியானம் சாப்பிட்டதும் இங்கே வந்து சாய்வேன். எனக்குச் செரிமானம் போதாது. டாக்டர் டானிக் எழுதியிருக்கிறார், இரண்டு வேளையும் ஒரு மூடி. குடித்துவிட்டுக் கொஞ்சம் கண் அசருவேன். எழுந்து பார்த்தால் கைப்பிடி பிசுபிசுவென்று இருக்கும். அவர் ஒன்றும் தெரியாதவர் போல என் இடது காலடியில் படுத்திருப்பார். தினம் இதே கதை. நான் தூங்கும்போது வலது பக்கம் வந்து வேலையை முடித்துவிட்டு, நான் விழிப்பதற்குள் இடது பக்கம் போய்ப் படுத்துக்கொள்கிறார். என்ன ராஜதந்திரம் பாருங்கள்.

சாட்சி வேண்டுமா? மூன்று இருக்கிறது.

ஒன்று, வட்டம். இந்தச் சேதாரத்தைக் கவனியுங்கள், எப்படி இருக்கிறது? காம்பஸ் வைத்துப் போட்ட மாதிரி வட்டம். ஒன்றின்மேல் ஒன்றாக நாலைந்து வட்டம். எந்த நாய்க்கும் எச்சில் கோடாகத்தான் ஒழுகும். இவருக்கு வட்டமாக ஒழுகுகிறது. எத்தனை நிதானமாக, மெனக்கெட்டுச் செய்திருக்க வேண்டும்!

இரண்டு, வாசனை. முகர்ந்து பாருங்கள். வெட்கப்படாதீர்கள், தோல்காரன் வீட்டில் முகர்வது மரியாதைதான். ஏலக்காய் வரவில்லை? வருகிறது இல்லையா? மருமகளைக் கேட்டேன்.

"ஏம்மா யமுனா, அவருக்குப் பாயசம் எதுவும் குடுக்கறியா?"

"அதுக்கு ஸ்வீட்டே கூடாது மாமா."

"அப்போ நாற்காலியில ஏலக்கா வாசனை எப்படி வருது?"

"தெரியல மாமா. ஆனா சுண்டல் அந்தப் பக்கம் வர்றதே இல்ல மாமா."

"நான் தூங்கறப்போ வரும்."

அப்போது உள்ளேயிருந்து என் வீட்டுக்காரி குணவதி கொடுத்தாள், கேளுங்கள். "நீ வேற யமுனா. உங்க மாமா வாயத் தொறந்துகிட்டுத் தூங்கறப்போ வழியறதுல ஒரு கொளமே ரொம்பும். அத மொதல்ல டெஸ்ட்டு பண்ணச் சொல்லு." அதற்கு மாமியாரும் மருமகளும் ஒரே சிரிப்பு. சிரிக்கட்டும். என் தலை தூங்கும்போது இடது பக்கம்தான் சாயும். அது எல்லாருக்கும் தெரியும்.

பாசம் கண்ணை மறைக்கிறது தம்பி. அவளுக்கு நாய் மேல் பாசம், அதனால் எதிரே இருப்பது தெரியவில்லை. பாவம், என்ன செய்வாள்.

மூன்று, எறும்பு. இந்தக் கைப்பிடிக்கு எறும்பு வரிசை போடுகிறது. எச்சிலுக்கு எறும்பு வருமா? வந்தால் என்ன அர்த்தம்? சர்க்கரை வியாதி! மருமகள் பேங்குக்குப் போனதும் ஒரு நாள் ஆட்டோ பிடித்து நானே அவரை மிருக டாக்டரிடம் கூட்டிப்போனேன். ஆட்டோக்காரன், "சுகர் டெஸ்ட்டு உங்களுக்கா சார், அவருக்கா?" என்று கேட்கிறான். ஊரே கேலி. ஊசியைப் பார்த்ததும் இவர் நடுங்கின நடுக்கம் இருக்கிறதே! வருகிற வழியெல்லாம் என் மடியில் மூஞ்சியை வைத்துக்கொண்டே வந்தார். வேட்டியெல்லாம் எச்சில். வேட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, பருத்தியை இந்த என்சைம் தொடாது. டாக்டர் சர்க்கரை இல்லை, நார்மல் என்று சொல்லிவிட்டார். மெஷின் சரியில்லை என்று நினைக்கிறேன். எதற்கும் இருக்கட்டும் என்று இனிப்பில்லாத பிஸ்கட் வாங்கிக் கொடுத்தேன். குற்றம் சாட்டப்பட்டவர் என்பதற்காகப் பட்டினி போட முடியுமா?

யமுனா பொறுமையான பெண், அதையும் சொல்லிவிட வேண்டும். கைப்பிடிக்கு ஒரு துண்டு போட்டு வைத்தாள். நான்தான் எடுத்துவிட்டேன். துண்டின் மேல் டானிக் மூடி நேராக நிற்பதில்லை, சாய்ந்து கொட்டிவிடுகிறது. அப்புறம் கொஞ்ச நாள் அவரைப் பால்கனியிலேயே கட்டிப்போட்டாள். பால்கனியில்! கதவு சாத்தி! அப்போதும் வட்டம் வளர்ந்தது தம்பி. "பாத்தீங்களா மாமா, இப்பவும் வருதே" என்றாள். நான் சொன்னேன், என்சைம் என்பது அப்படித்தான், ஒரு தடவை வேலையை ஆரம்பித்துவிட்டால் எஜமானன் ஊரில் இல்லாவிட்டாலும் அது பாட்டுக்குச் செய்துகொண்டிருக்கும் என்று. விஞ்ஞானத்துக்கு எங்கே பதில் சொல்வது.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருக்கிறோம். நான் வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன், ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்தது. பரணி, "அப்பா, முழங்கையில என்ன கறுப்பா?" என்றான். பார்த்தேன். என் கேசின். என் நாற்காலியின் மெருகு என் சட்டையில். எனக்கு அப்படி ஒரு கோபம் எங்கிருந்துதான் வந்ததோ.

"இந்த வீட்டுல ஒண்ணு நாற்காலி இருக்கணும். இல்ல அவர் இருக்கணும்" என்றேன்.

"அப்பா, நாற்காலிய மாடி ரூமுக்கு மாத்திடலாமாப்பா?"

"என்னையும் சேர்த்து மாத்திடு."

யமுனா எழுந்து கை கழுவினாள். திரும்பி வந்து, "சரிங்க மாமா. நானே இடம் பாக்கறேன்" என்றாள். அழவில்லை. சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன், அதோடு ஆறியிருக்கும்.

முன்பெல்லாம் வேலையிலிருந்து வந்ததும் என் எதிரே வந்து நிற்பாள். கையில் என்ன இருந்தாலும் நீட்டுவாள். தன் செருப்பு, கூட வேலை பார்க்கிறவளின் பர்ஸ், மேனேஜர் பெல்ட்டைக்கூட ஒரு நாள் கழற்றி வாங்கிவந்துவிட்டாள். "மாமா, தோலா ரெக்சினா?" என்பாள். நான் கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்து சொல்ல வேண்டும். மேனேஜர் பெல்ட் ரெக்சின். மறுநாள் பேங்க் முழுக்க அதே பேச்சாம். இப்போது என்ன சொன்னாலும் 'சரிங்க மாமா'. சாப்பாடு நன்றாக இருக்கிறது என்றாலும் 'சரிங்க மாமா'. மழை வரும் போலிருக்கிறது என்றாலும் 'சரிங்க மாமா'.

ஜெயித்தவன் நான்தான் தம்பி, அதில் சந்தேகம் வேண்டாம். ஜெயித்த வீட்டில் ஏன் இப்படிச் சத்தமே இல்லாமல் இருக்கிறது என்றுதான் தெரியவில்லை.

இன்றைக்கு நீங்கள் வருகிறீர்கள் என்று காலையில் சீக்கிரமே கிளம்பிப் போய்விட்டாள். "மாமா, மதுராந்தகத்துக்காரர் வந்தா அந்தப் பைய குடுத்துடுங்க." அவ்வளவுதான். அதோ, கதவோரம் இருக்கிற பைதான். அடுத்தவர் பையைப் பிரித்துப் பார்க்கக் கூடாது. பார்த்தேன். அவர் தட்டு இருக்கிறது. உண்ணி ஷாம்பு. கடித்துத் துப்பின ரப்பர் பந்து. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு மஞ்சள் துப்பட்டா. கல்யாணமாகி வந்த புதிதில் போட்டுக்கொண்டிருந்தாளே, அது. துவைக்காமல் மடித்து வைத்திருக்கிறாள். புது இடத்தில் அந்த வாசனை இருந்தால்தான் தூங்குமாம். குணவதியிடம் சொல்லியிருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை.

என்ன சொல்லிக்கொண்டிருந்தேன்? ஆங், குற்றம்.

இல்லை, அதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன். உங்கள் தோப்பில் நாய்களுக்குத் தரை மண்ணா, சிமெண்டா? சிமெண்டா... அவருக்கு இடது பின்கால் கொஞ்சம் வலி. குளிர்ந்த தரையில் படுத்தால் காலையில் நொண்டுவார். இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவார். கட்டில் இருக்கிறதா? நாய்க் கொட்டகையில் கட்டில் எப்படி இருக்கும், நான் ஒருத்தன். சரி, தயிர் சாதம் கொடுத்தால் உப்புப் போடாதீர்கள். ஒரு கவளம் முதலில் நீங்கள் சாப்பிடுவது போல வாயருகே கொண்டுபோக வேண்டும், அப்புறம்தான் அவர் தொடுவார். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றா பார்க்கிறீர்கள்? ஒரு குற்றவாளி வீட்டில் இருந்தால் கண்காணிக்க வேண்டாமா?

இதோ வந்துவிட்டாள் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு. முக்கியமான கட்டத்தில்தான் வருவாள்.

"பேசிட்டே இருந்தா எப்படீங்க? சாப்ட்டு எவ்ளோ நேரம் ஆச்சு? டானிக் குடிங்க."

"தம்பி முன்னால என்னடி அவசரம்?"

"தம்பிக்கென்ன, அவரும் மனுஷர்தான. மருந்துகூட இல்ல தம்பி, பப்பாளியிலேருந்து எடுக்கறது. கறிய வேக வெக்கற மாதிரி உள்ள போய் எல்லாத்தையும் வேக வெச்சிடும்னு டாக்டர் சொன்னாரு."

ஆமாம், சொன்னார். கெட்டிக்கார டாக்டர். இரண்டு வேளை, ஒரு மூடி. ம்... இனிப்புதான், குழந்தைகூடக் குடிக்கும். ஏலக்காய்கூடப் போட்டிருக்கிறான். விளிம்பில் கொஞ்சம் வழியும், அது ஒன்றுதான் தொந்தரவு. இருங்கள், மூடியை இப்படி வைத்துவிட்டுச் சொல்கிறேன். அந்த மூன்று சாட்சியில் முக்கியமானது எது என்றால், அந்த வட்டம்...

வட்டம்...

ஒரு நிமிஷம் இருங்கள் தம்பி.

இல்லை, ஒன்றுமில்லை. மூடி சரியாக உட்காருகிறது. தூக்கிப் பக்கத்து வட்டத்தில் வைத்தால்... அதிலும் உட்காருகிறது.

நீங்கள் ஏன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள்? சிரிக்கிறீர்களா? இருமலா. சரி, தண்ணீர் குடியுங்கள்.

"குணவதி, நீ எதாவது பாத்தியா?"

"நான் எதப் பாத்தேன்? எனக்கு என்ன தெரியுது?"

"கண்ணாடி மூக்கு மேலதான இருக்கு?"

"இது படிக்கற கண்ணாடி. இதுல நாற்காலி, மூடி, அதெல்லாம் தெரியாது."

கேட்டீர்களா? நான் மூடியைப் பற்றிக் கேட்கவே இல்லை. உள்ளே போய்விட்டாள். தோள் குலுங்குகிறது பாருங்கள்.

தம்பி, கொஞ்சம் கிட்டே வாருங்கள். குரலைத் தணித்துத்தான் சொல்ல வேண்டும். இந்த நாயை இன்றைக்கு நீங்கள் கொண்டுபோக முடியாது. ஏன் என்று கேட்காதீர்கள். கேட்கவில்லையா? நல்லது, சொல்கிறேன். இப்போது இவர் உங்கள் வண்டியில் ஏறிப் போய்விடுகிறார் என்று வையுங்கள். நாளைக்கு இந்த வட்டம் இன்னும் கொஞ்சம் வளர்ந்தால்? எப்படி வளரும் என்பது இருக்கட்டும். வளர்ந்தால் யாரைச் சொல்வது? வீட்டில் மிச்சம் இருப்பது நாலு பேர். யோசித்துப் பாருங்கள், நிலைமை எவ்வளவு சிக்கலாகிவிடும்! அதுவே, இவர் இங்கேயே இருக்கிறார், வட்டம் வளர்வது மட்டும் நின்றுவிடுகிறது என்றால்? திருந்திவிட்டார் என்று அர்த்தம். யாரால்? என் கண்டிப்பால். யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை. நான் சொன்னதும் பொய்யாகவில்லை, அவளுக்கும் அவர் மிச்சம்.

நீங்கள் ஒன்றே ஒன்று செய்ய வேண்டும். தலையை ஆட்டினால் போதும். போனை எடுக்கிறேன், இருங்கள்.

"யமுனாவா? நான்தாம்மா மாமா. வந்திருக்கார்மா. இல்ல, இன்னும் கெளம்பல. அது வந்து, இந்தத் தம்பி அவரோட காலப் பாத்தாரு. இந்தக் கால வெச்சிகிட்டு சிமெண்ட்டுத் தரையெல்லாம் ஒத்துக்காதுங்கறாரு. வேணாங்கறாரும்மா, நான் என்ன பண்றது? ஆமா, இங்கேயேதான். நான் பேசிப் பாத்தேன், ஒத்துக்க மாட்டேங்கறாரு. நாற்காலியா? அது கெடக்குது விடு. அவர இனிமே நான் பாத்துக்கறேன், நான் கண்டிச்சா திருந்திடுவார். ஹலோ? யமுனா? இருக்கியாம்மா? மூக்க ஏன் உறிஞ்சற, பேங்க்ல எல்லாரும் பாப்பாங்க. ம். அப்புறம், வர்றப்போ ஒரு சின்ன ஸ்டூல் வாங்கிட்டு வாயேன். நாற்காலிக்குப் பக்கத்துல வெக்கறதுக்கு. எதுக்கா? சும்மா, காபி டம்ளர் வெக்க. என்ன? என்ன கேட்ட? ... பிளாஸ்டிக்கு. பிளாஸ்டிக்கே வாங்கு. அத எதுவும் தின்னாது."

என்ன கேட்டாள் தெரியுமா தம்பி? 'ஸ்டூலுக்கு மேல்சீட்டு தோலா மாமா, ரெக்சினா?' என்று கேட்டாள். கேட்டாள் தம்பி! 'சரிங்க மாமா' என்று வைத்துவிடவில்லை.

நீங்கள் தலையை ஆட்டியது போனில் தெரியாதுதான். ஆனாலும் நன்றாக ஆட்டினீர்கள். மதுராந்தகத்திலிருந்து வந்ததற்குச் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும். சாதம் இருக்கிறது, வத்தக்குழம்பு இருக்கிறது. செரிக்காது என்று பயந்தால் டானிக்கும் இருக்கிறது. அந்தப் பையை மட்டும் இப்படிக் கொடுத்துவிடுங்கள். துப்பட்டாவை மடித்து அவள் ரூமில் வைத்துவிடலாம். பந்தை இங்கே போடுங்கள்.

இன்னும் ஒரே ஒரு சின்ன வேலை பாக்கி இருக்கிறது. நான் இத்தனை நாள் சொல்லிவந்தேன் இல்லையா, இவர் வலது பக்கம் வருகிறார் என்று? ஒரு தடவையாவது வந்துவிட்டால் என் மனசுக்கும் நிம்மதியாக இருக்கும். இதோ, கைப்பிடியைத் துடைத்துவிட்டேன். நீங்களும் சாட்சி, பாருங்கள்.

"டேய் சுண்டல். இங்க வா. ஏய், இந்தப் பக்கம், இந்தப் பக்கம். மூஞ்சிய இதுமேல வை. ஒரு தடவ வைடா. பிஸ்கட் தர்றேன். சுண்டலு!"

பார்த்தீர்களா? பார்த்தீர்களா தம்பி? என்ன அழுத்தம்! சுற்றிக்கொண்டு வந்து இடது பக்கமே படுக்கிறார்.